மலை சுற்றச் சுற்ற இறங்கிய எங்கள் அணி

வேண்டுதல் என் மனைவியுடையது. நடந்த கால்கள் என்னுடையவை. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் திருவண்ணாமலைக்கு வந்து மலையைச் சுற்றுவதாக அவள் வேண்டிக்கொண்டாள். ஆபரேஷனும் முடிந்தது. பதினாலு கிலோமீட்டரா என்று டாக்டர் முறைத்தார். "நீங்க போய்ட்டு வாங்க, புருஷன் நடந்தா பொண்டாட்டி நடந்த மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு அவள் காலை நீட்டி உட்கார்ந்து நாடகம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

போகிற போக்கில் இன்னொரு வேலையும் தலையில் ஏறியது. மலேசியாவில் எங்கள் ஊரில் எனக்கு ஒரு டயர் கடை இருக்கிறது. அதைவிட முக்கியமாக, எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் ரசிகர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். அணியின் சட்டை நிறத்தை வைத்து அதற்குச் செம்பருத்தி என்று பெயர். முப்பத்திரண்டு வருடமாக அதன் பின்னால் அலைகிறேன். செம்பருத்தி ஒரு தடவைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை.

அணியின் மேனேஜர் லிம், சீனர். நான் திருவண்ணாமலை போவதைக் கேள்விப்பட்டு கடைக்கே வந்துவிட்டார். "அந்த ஊரில் ஒரு ஸ்டாப்பர் இருக்கிறான். வீடியோ பார்த்தேன், அருமையாக ஆடுகிறான். நீ தமிழன், பேசிக் கூட்டிவா," என்று மலாயில் சொன்னார். ஸ்டாப்பர் என்றால் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று, அடிக்க வருகிறவனை மறிக்கிற ஆள். எங்களுக்கு அப்படி ஒருவன் எவ்வளவு அவசரமாகத் தேவை என்பது போன வருடம் நாங்கள் வாங்கிய கோல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "என்ன சொல்லிக் கூப்பிடுவது?" என்று கேட்டேன். "கப் நமக்குத்தான் என்று சொல்," என்றார் லிம், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் ஜன்னலில் அந்த மலை தெரிந்தது. புத்தகத்தில் பார்த்த அதே மலை, முழுசாக, கண்ணுக்கு எதிரே. பையைத் தூக்கிக்கொண்டு "இறக்கம், இறக்கம்" என்று கத்தி இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகு பலகையைப் படித்தேன்: கீழ்பென்னாத்தூர். எதிரே சைக்கிளில் வந்தவரிடம் கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "அதுக்கு இன்னும் போவணுங்க. மலை தெரிஞ்சா ஊரு வந்துடுச்சுன்னு எறங்கிட்டீங்களா? வாராவாரம் ஒருத்தர் எறங்குறாரு," என்றார் அவர், ரொம்ப ஆறுதலாக.

ஒரு வேனில் மூட்டைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், அவித்த வேர்க்கடலையை ஒரு கை அள்ளிக் கொடுத்து, "மல்லாட்ட சாப்புடுங்க, பசியோட கீறீங்க போல," என்றார். எங்கள் ஊர் வேனில் பக்கத்து ஆளின் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டோம். நான் மூன்று கை மல்லாட்டை தின்றேன், அந்த அம்மாளின் மகள் மாமியாரோடு சண்டை போட்ட கதை முழுவதையும் கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் ஏழுமலையின் ஆட்டோ அகப்பட்டது. நாற்பது வயசு, மீசையை எண்ணெய் போட்டு நீவி வைத்திருந்தார். யாசின் என்கிற கால்பந்து ஆட்டக்காரர் வீடு தெரியுமா என்று கேட்டதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"பாஷா பாய் பையனா? தார்ப்பாய் கடை பாஷா பாய்? இன்னா சார் விஷயம்? கூட்டினு போக வந்தீங்களா?"

எப்படித் தெரிந்தது என்றேன்.

"ஊரே அதத்தானே பேசினு கீது. கப்பு அடிக்கிற டீமுல பெஞ்சுல குந்தறதா, சும்மா டீமுல எறங்கி ஆடறதான்னு. எங்க ஸ்டாண்டுல பாதி பேரு இப்டி, பாதி பேரு அப்டி. சவாரி வந்தா கூட எவனும் எழுந்திரிக்கறதில்ல."

"எங்கள் அணி கப் அடிக்கிற அணி," என்றேன், விறைப்பாக.

"அப்டியா?" என்று கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார் ஏழுமலை. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பசியாறப் போனோம். எங்கள் ஊரில் தே தாரிக் என்று இழுத்து ஆற்றிய டீ கேட்டால் ஒரு குவளை நிறைய வரும், இரண்டு கையாலும் பிடித்து அரைமணி நேரம் குடிக்கலாம். இங்கே விரல் நீளக் கிளாஸ். இரண்டு மடக்கில் தீர்ந்துவிட்டது. நான் அடுத்தடுத்து மூன்று கேட்டதும் டீக்கடைக்காரர், "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஏழுமலையிடம் விசாரித்தார்.

பாஷா பாயின் கடையில் தரையிலிருந்து கூரை வரை தார்ப்பாய்ச் சுருள்கள், நைலான் கயிறு, சாக்கு. நீலமும் மஞ்சளும் கண்ணைப் பறித்தன. காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் ஒரு மெடல் தொங்கியது. அதற்கும் மேலே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு போட்டோ: இருபது இருபத்தைந்து பேர் கோப்பையைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள், கடைசி வரிசையில் வலது ஓரமாக ஒரு நெட்டைப் பையன்.

"அதான் நம்ம யாசினு," என்றார் பாஷா பாய். வெள்ளைத் தாடி, கணீரென்ற குரல். "போன வருஷம் கப்பு அடிச்ச டீமு. அதே டீமு இன்னொரு வருஷத்துக்குக் கூப்புடறாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். உங்க மேனேஜரும் போன் பண்ணாரு, ஒண்ணும் புரியல. அதான் உங்கள நேர்ல கேக்கறேன். ஒரே கேள்விதான். உங்க டீமு கப்பு அடிக்குமா?"

"அடிக்கும் பாய். இந்த வருஷம் எங்களோடதுதான்," என்றேன். லிம்மின் வெட்கமில்லாத முகம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்டி சொல்றீங்க சார்?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். யாசினின் அக்கா ரெஹானா. தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர், கழுத்தில் விசில். தம்பியின் ஒப்பந்தம், பயிற்சி, சாப்பாடு எல்லாம் இந்தப் பெண்ணின் கையில்தான் என்று ஏழுமலை முன்பே எச்சரித்திருந்தார்.

பிரேசிலிலிருந்து ஒரு முன்கள ஆட்டக்காரர் வருகிறார், புதுப் பயிற்சியாளர், அரங்கம் வழிய வழியக் கூட்டம் என்று அடுக்கினேன்.

"கூட்டம் பாக்கத்தான சார் வருது? ஆடவா வருது?"

ஏழுமலை குறுக்கே விழுந்தார். "கேப்டன் கரெக்டா இருந்தா போதும்மா. எங்க ஸ்டாண்டுல பாரு, செகரெட்டரி ஒருத்தர்தான், மூச்சு வுடமாட்டோம்."

"நேத்து சவாரிக்கு எவனும் எழுந்திரிக்கலன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன். அவர் மீசையை நீவிக்கொண்டார்.

பாஷா பாய் ஒரு தார்ப்பாயை விரித்து, மூலையில் கயிறு கோக்கிற பித்தளை வளையத்தைக் காட்டினார். "இந்தக் கடையில உக்காந்து நான் பாத்தது இதான். தார்ப்பாயி நடுவுல கிழியாது சார். கயிறு கட்டற எடத்துலதான் கிழியும். டீமும் அதே மாதிரிதான். ஆளுங்க நல்லாதான் இருப்பாங்க. ஒருத்தனுக்கும் இன்னொருத்தனுக்கும் நடுவுலதான் கோல் வாங்குவாங்க."

இவ்வளவு தெளிவாக எங்கள் புதுப் பயிற்சியாளர்கூடப் பேசி நான் கேட்டதில்லை.

"அத்தா சொல்றதும் சரிதான். ஆனா கப்பு அடிக்கிற டீம எங்க பாக்கணும் தெரியுமா?" என்று ரெஹானா போட்டோவைக் காட்டினாள். "பெஞ்சுல. இவன மாதிரி ஒரு ஸ்டாப்பர வருஷம் பூரா உக்கார வெக்க முடிஞ்சுதுல்ல, அதான் அவங்க கப்பு அடிச்சாங்க. நடுவுல ஒருத்தனுக்கு அடிபட்டா இன்னொருத்தன் ரெடி. அதுக்குத்தான் இவன்."

அப்போதுதான் யாசின் தோளில் கயிற்றுக்கட்டோடு உள்ளே வந்தான். வாசல் நிலை தலையில் இடிக்காமல் குனிந்தான். ஸலாம் சொன்னான், சிரித்தான், கயிற்றை அடுக்கப் போய்விட்டான். தன்னைப் பற்றித்தான் இவ்வளவு சண்டை என்ற நினைப்பே இல்லாதவன் போல இருந்தான்.

பாஷா பாய் முடிவாகச் சொன்னார்: "கப்புக்குப் போட்டி போடற டீமுன்னா கூட்டினு போங்க, நான் குறுக்க நிக்கல. இல்லன்னா இருக்கற எடத்துலயே இருக்கட்டும். நல்ல எடத்த வுட்டு எதுக்கு அவ்ளோ தூரம்?"

சாப்பிட்டுப் போகச் சொன்னார். பிரியாணி வாசனை மாடியிலிருந்து இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தது. மலை சுற்றி முடிக்கும் வரை கறி தொடக்கூடாது என்று மனைவியின் உத்தரவு. "அப்ப நாளைக்கு முடிச்சிட்டு வாங்க," என்றாள் ரெஹானா. "யாசினும் ஞாயித்துக்கெழம மலைய சுத்தி ஓடுவான். நான் ஸ்கூட்டில வந்து டைம் பாப்பேன். வழியில பேசலாம்." பேசலாம் என்று அவள் சொன்ன விதத்தில் பரீட்சை வாடை அடித்தது.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு ராஜகோபுரத்து வாசலில் செருப்பைக் கழற்றினேன். வெறுங்காலோடுதான் நடக்கவேண்டும். ஏழுமலை செருப்பை வாங்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டார், பின்னாலேயே மெதுவாக வருவதாக ஏற்பாடு. "எடது பக்கமாவே போங்க சார். மலையோரம் சித்தருங்க நடக்கற எடம். வேகமா போவக்கூடாது, நெறமாசக்காரி நடக்கற மாதிரி நடக்கணும்," என்றார். என் தொப்பையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அது கஷ்டமில்ல," என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் கேட்கவில்லை. டயர் கடைக்காரன் காலுக்கு ரோடு புதிதா என்று விறுவிறுவென்று நடந்தேன். யாசின் என்னைத் தாண்டி ஓடினான். காலடிச் சத்தமே கேட்கவில்லை.

அக்னி லிங்கத்துக்குப் பக்கத்தில் ரெஹானாவின் ஸ்கூட்டி வந்து நின்றது. "சார், போன வருஷம் நீங்க ஒரு மேட்ச் தோத்தா, அதுக்கு அடுத்த மேட்ச் என்ன ஆகும்?"

யோசித்துப் பார்த்தேன். தோற்றால், அடுத்ததும் தோற்போம். சிலசமயம் மூன்றாவதும். தோற்ற துக்கம் ஆற எங்களுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும், மனிதர்கள்தானே. "கப்புக்குப் போற டீமும் தோக்கும் சார். ஆனா ரெண்டு தடவ சேந்தாப்ல தோக்காது," என்றாள் அவள். "கப் இல்லாட்டியும் ரெண்டாவது இடம் நிச்சயம்மா," என்றேன். அவள் விசிலைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டாள்.

எம லிங்கம் வரும்போது வெயில் இல்லை, ஆனால் ரோட்டிலிருந்த ஒவ்வொரு பொடிக்கல்லும் என் பெயர் தெரிந்து கூப்பிட்டது. அங்கே இரண்டாவது கேள்வி. "உங்க ஸ்டாப்பருக்கு அடிபட்டா யாரு எறங்குவாங்க?"

உண்மையில் எங்களுக்கு ஸ்டாப்பரே இல்லை, அடிபட ஆள் வேண்டுமே. பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒருவன் பயிற்சியாளரின் மச்சான். இன்னொருவன் நன்றாகப் பாடுவான். "மூணாவது இடம் வரலாம்மா," என்றேன்.

அடி அண்ணாமலையில் உட்கார்ந்துவிட்டேன். குதிகாலில் தண்ணீர்க் கொப்புளம். கடை வாசலில் ஒரு பெண்மணி பெஞ்சை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். ஏழுமலை ஆட்டோவை நிறுத்தி என் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். வண்டியின் பின்சீட் எனக்கு அப்போது சொர்க்கம் போலத் தெரிந்தது.

"ஏறிக்கவா ஏழுமலை?"

"தாராளமா ஏறுங்க. அப்புறம் உங்க வீட்டம்மா முட்டி மறுபடி புடிச்சிக்கினா என்னாண்ட வரக்கூடாது."

ரெஹானா மூன்றாவது கேள்வியோடு வந்தாள். "வெளியூர்ல, மழையில, சுமாரா ஆடுன அன்னிக்கு ஒரு கோல் போட்டு ஜெயிச்சிருக்கீங்களா? அழகா ஆடி ஜெயிக்கறத யாரு வேணா ஜெயிக்கலாம். கேவலமா ஆடியும் ஜெயிக்கணும் சார்."

மழையில் நாங்கள் ஆடியதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஒரு தடவை நான் குடையோடு நின்றுகொண்டு அழுதது உட்பட. குனிந்து குதிகாலைத் தடவிக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு, வண்டியில் வைத்திருந்த பிளாஸ்டரை எடுத்து நீட்டினாள். பி.டி. டீச்சர் என்றால் சும்மாவா.

குபேர லிங்கத்தில் கூட்டம். வேறு எந்த லிங்கத்திலும் இல்லாத பக்தி அங்கே மட்டும் ஏன் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அதைத் தாண்டி நொண்டிக்கொண்டு போகையில், எப்போதோ ஓடி முடித்துவிட்ட யாசின், எதிரே இளநீரோடு வந்தான். கொடுத்துவிட்டு என் பக்கத்தில் நடந்தான். கொஞ்ச தூரம் போன பிறகு அவனே பேசினான்.

"வருஷம் பூரா பதினோரு நிமிஷம் ஆடுனேன் சார். அந்த மெடல் அதுக்குத்தான். அத்தா எல்லாருக்கும் காட்டுவாரு. எனக்கு அத பாக்கவே கூச்சமா இருக்கும். நான் தப்பு சொல்லல, நல்ல டீமு, நல்ல ஆளுங்க. ஆனா எனக்கு இருபத்தி நாலு ஆவுது. இன்னும் ரெண்டு வருஷம் உக்காந்தேன்னா அப்புறம் எப்டி ஆடறதுன்னே மறந்துடும்." நின்று என்னைப் பார்த்தான். "உங்க டீமு நெஜமாவே கப்பு அடிக்குமா சார்?"

பொய் சொல்லக் காலில் தெம்பு வேண்டும். எனக்கு இல்லை. "அடிக்காதுப்பா," என்றேன். "அஞ்சாவது வருவோம். அதுவே எங்களுக்குப் பெரிசு. எனக்கு அறுபத்தோரு வயசு, கண்ண மூடறதுக்குள்ள ஒரு தடவ அந்தக் கோப்பைய பாத்துடணும்னு ஆசைலா. அந்த ஆசைல உங்க அத்தாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

"நான் வந்தா?"

"நீ வந்தா நாலாவது வரலாம்."

அவன் ரோடென்றும் பார்க்காமல் சத்தம் போட்டுச் சிரித்தான். "நாலாவதுக்கா சார் மலேசியாலேர்ந்து வந்தீங்க?"

"ஆமாம்பா," என்றேன். எனக்கே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ராஜகோபுரத்தில் வேண்டுதலை முடித்துக்கொண்டு, செருப்பு போட முடியாமல் அதைக் கையில் பிடித்தபடி, ஆட்டோவில் கடைக்குப் போனேன். பாஷா பாயிடம் நானே சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். சொன்னேன். கப் இல்லை, ஐந்தாவது, இவன் வந்தால் நாலாவது. நேற்றுச் சொன்னது பொய்.

பாஷா பாய் கயிறு அளப்பதை நிறுத்தினார். ஏழுமலை வாசலிலேயே நின்றுவிட்டார். ரெஹானா கழுத்து விசிலைக் கையில் எடுத்தாள், அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"ஆடுவானா?" என்று கேட்டார் பாஷா பாய்.

"எல்லா மேட்சும் ஆடுவான் பாய். அவன உக்கார வெச்சிட்டு எறக்க எங்ககிட்ட வேற ஆளே இல்ல."

"மேட்ச போன்ல காட்டுவாங்களா?"

"காட்டுவாங்க. முழுசா பாக்கலாம். தோக்கறதையும் சேர்த்து."

அவர் அந்தப் போட்டோவை அண்ணாந்து பார்த்தார். "பதினோரு நிமிஷம் ஆடுனான்ல, அதுல நான் பாத்தது நாலு நிமிஷம் சார். நடுவுல ஒரு ஆளு வண்டிக்குக் கயிறு கேட்டு வந்துட்டான். அளந்து குடுத்துட்டுத் திரும்பறேன், விசில் ஊதிட்டாங்க. வீட்ல யாராண்டயும் சொல்லல இத." தாடியைத் தடவிக்கொண்டார். "கப்பு கெடக்கட்டும். எம்புள்ள ஆடி நான் முழுசா ஒரு மேட்ச் பாக்கணும். கூட்டினு போங்க."

ரெஹானா சட்டென்று திரும்பிக்கொண்டு, பிரியாணி ஆறிப்போகிறது என்று மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள். யாசின் கயிற்றுக்கட்டு ஒன்றை எடுத்து, வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தான். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன், கத்திரிக்காய்த் தொக்கோடு. எங்கள் ஊர் பிரியாணியைப் பற்றி இனிமேல் பெருமை பேசமாட்டேன்.

சாப்பிட்ட கையோடு லிம்முக்குப் போன் போட்டேன். பையன் வருகிறான் என்றதும் அங்கே ஒரே குதியாட்டம். பிறகுதான், "கப் என்று சொன்னாயா?" என்று கேட்டார்.

"இல்லை. நாலாவது இடம் என்று சொன்னேன். அவன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்."

லிம்மின் குதியாட்டம் நின்றது. "நாலாவதா? உனக்கென்ன பைத்தியமா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "கப் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நாலாவது என்றால் நம்பிவிடுவார்களே!"

அந்த மனிதர் பயந்து நான் பார்த்ததே இல்லை. நாலாவதாவது வராவிட்டால் பாஷா பாய்க்குப் பதில் சொல்லவேண்டும் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. முப்பத்திரண்டு வருடமாக நானும் அவரும் கப், கப் என்று பேசியிருக்கிறோம், ஒரு நாளும் இந்தப் பயம் வந்ததில்லை.